மோரில் இல்லாதது

எஸ்தர் தன் கையாலேயே அந்தக் கிருமியை மோரில் கலந்துகொண்டிருந்தாள்.

பிப்பெட்டின் நுனியில் திரண்ட துளி, விழ மனமில்லாததுபோல் ஒரு கணம் தொங்கி நின்றுவிட்டு, சத்தமில்லாமல் டியூப்புக்குள் இறங்கியது. ஈ.கோலையில் ஒரு கொடிய வகை அது. சின்னப் பிள்ளைகளின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் முடக்கிப்போடக்கூடியது. அந்த ஒரு துளிக்குள் லட்சக்கணக்கில் இருந்தது. டியூப்பை மூடினாள். குலுக்கினாள். கொதிக்கவைத்துக் கிருமிகளை உடைத்து, அவற்றின் மரபணுவைப் பிரித்தெடுத்து, அதைத் தேடிக் கண்டுசொல்லும் மெஷின் இருக்கும் மேஜைக்கு ஓடினாள். லேபுக்குள் யாரும் ஓடக்கூடாது என்று எல்லோருக்கும் பாடம் எடுப்பவளே அவள்தான்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வெயில் காலத்துக்காக ஒரு நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே குடித்த பிள்ளைகளில் பலர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். பூக்கட்டும் அன்னக்கொடியின் மகள் பவதாரிணி பிழைக்கவில்லை. சுகாதார ஆய்வாளர் பந்தலை மூடிவிட்டு, மோரில் கொஞ்சம் எடுத்து எஸ்தரின் லேபுக்கு அனுப்பினார். எஸ்தர் சோதித்தாள். மெஷின் 'இல்லை' என்றது. அவளும் 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டாள். நேற்றுப் பந்தலைத் திறந்துவிட்டார்கள்.

நேற்று இரவு அவள் மகன் ஆல்பினுக்கு ரத்தமாகப் போனது. வாரத்தின் தொடக்கத்தில் அவனும் அதே பந்தலில் குடித்திருந்தான்.

அதனால்தான் இந்தக் காரியம். அவளே கிருமியைப் போட்டிருக்கிறாள். மெஷின் 'இருக்கிறது' என்று சொன்னால் நேற்றுச் சொன்னதும் நிஜம். இப்போதும் 'இல்லை' என்று சொன்னால், நேற்றுச் சொன்னது பொய்.

மெஷின் முனகத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை, ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டைப் பார்த்த அந்த மாடியில் அவளைத் தவிர வேறு யாருமில்லை. யானைமலைக்குப் பின்னாலிருந்து கோடைமழை மேகம் ஏறி வந்து, சாயங்காலத்தை அதன் நேரத்துக்கு முன்பே இருட்டாக்கிவிட்டிருந்தது. ஏ.சி. இரைந்தது, உறைபெட்டிகள் இரண்டும் மாறிமாறி உறுமின, புகைபோக்கி விசிறி காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது, கீழே கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி எதையோ கத்த, பஸ்கள் அதற்கு மேல் ஹாரன் அடித்தன. இத்தனை இரைச்சலுக்கும் அடியில், கிணற்றின் அடியில் கிடக்கும் காசு எப்போதாவது வெயில் பட்டு மினுங்குவதுபோல, வேறொரு சத்தம் இருந்தது.

மடக்.

தொண்டை வழியாக ஏதோ இறங்கும் சத்தம்.

எஸ்தர் திரும்பிப் பார்த்தாள். மேஜைகள். கண்ணாடிக் குப்பிகள். கழுவும் தொட்டியில் சொட்டாத குழாய். காலையிலிருந்து ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை, அதான் காதை அடைக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. கணவர் இன்னாசிமுத்து. பசுமலையில் மிஷன் பள்ளி வாத்தியார். வகுப்பறைக்குள் குரலை உயர்த்தாத மனுஷன். இப்போது அந்தக் குரல் கீறல் விழுந்த தட்டுபோல இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆல்பின் தாகம் தாகம் என்று அலைகிறானாம். பக்கத்துக் கட்டில்களிலும் இதே கதைதானாம். டாக்டரம்மா பேசணுமாம்.

டாக்டர் தமிழ்ச்செல்வி சுற்றி வளைக்காதவர். "எஸ்தர், எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேணும். அந்த விஷ ஈ.கோலையா, இல்லையா? இல்லேன்னா இப்பவே ஆன்டிபயாடிக் போட்டுருவேன். ஜுரம் ஏறிக்கிட்டே போகுது."

"அதுவா இருந்தா போடக்கூடாது டாக்டர்."

"தெரியும்மா. மருந்து பட்டா அது விஷத்தை மொத்தமா கக்கிட்டுத்தான் சாகும். அப்புறம் கிட்னி தாங்காது. அதுக்காகத்தான் கைய கட்டிக்கிட்டு நிக்கிறேன். ஆனா எம்புட்டு நேரம் நிக்க முடியும் சொல்லு. இங்க லேப் நாளைக்குத்தான் தெறப்பாங்க."

இருட்டுவதற்குள் சொல்கிறேன் என்றாள் எஸ்தர். டாக்டர் வெளியே பார்த்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருட்டிக்கிட்டுத்தான் வருது என்றுவிட்டு வைத்தார்.

மெஷினின் திரையில் இப்போது கோடுகள் வரையத் தொடங்கியிருந்தன. கிருமியின் மரபணு கிடைத்தால் கோடு தரையைவிட்டு மலைபோல எழும்பும். கிடைக்காவிட்டால் தரையோடு படுத்தே கிடக்கும். கிருமியைச் சுத்தமான தண்ணீரில் கலந்த டியூப்பின் கோடு எழும்பியது. யானைமலையின் முதுகுபோல வளைந்து மேலே போனது. மோரில் கலந்த டியூப்பின் கோடு அசையவில்லை.

அவள் கொஞ்சம் காத்திருந்தாள். திரைக்கு முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

தட்டை.

தன் கையால் போட்டது. தன் கண்ணால் பார்த்தது. மெஷின் சத்தியம் பண்ணுகிறது, மோரில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று.

எஸ்தரின் முதுகுத்தண்டில் யாரோ ஈரவிரலை வைத்து இழுத்ததுபோல இருந்தது. புத்திக்குக் காரணம் தெரியும். மோர் என்பதே உயிருள்ள கூட்டம்தான். பாலைத் தயிராக்கும் நல்ல கிருமிகள் ஒரு சொட்டுக்குள் கோடிக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சோதனைக்காக எதை ஊட்டி வளர்த்தாலும் முதலில் அவைதான் பந்தியில் உட்காரும். புளிப்பை ஏற்றி மற்றதை ஒடுக்கும். மரபணுவைப் பிரித்தெடுத்தால் வருவதெல்லாம் அவற்றுடையதாக இருக்கும். மெஷினுக்கு ஊற்றிய மருந்தெல்லாம் அந்த நெரிசலிலேயே செலவழிந்துபோகும். அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கோரிப்பாளையம் பாலத்தில் நின்று பார்த்தால் தலைகள்தான் தெரியும். அதில் ஒருவன் இடுப்பில் கத்தியோடு நின்றால் யாருக்குத் தெரியும்? தலைகள் அத்தனையும் நல்ல தலைகள். அந்த நல்லதுக்குள்தான் அவன் பத்திரமாக நிற்கிறான்.

புத்திக்கு இதெல்லாம் தெரியும். உடம்புக்கு வேறு ஏதோ தெரிந்தது. வெள்ளைவெளேரென்று இருந்த அந்த மோர், அவள் கொடுத்ததை வாங்கி விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டதுபோல இருந்தது.

மடக். மடக்.

இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டத்தை விலக்க வேண்டும். அதற்கு ஒரு வழி இருந்தது. பெட்டிக்குள் சின்னக் குப்பியில் காந்தத்தூள். கண்ணுக்குத் தெரியாத மணிகள். அந்த விஷக் கிருமியை மட்டும் பிடித்துக்கொள்ளும் பசை அவற்றின்மேல் பூசப்பட்டிருக்கும். மோரில் கலந்து, டியூப்பின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் மணிகள் சுவரோடு ஒட்டும். மற்றதைக் கழுவி ஊற்றிவிடலாம். விலை அதிகம், வாய்க்கால் தண்ணிக்கும் பஜ்ஜி மாவுக்கும் இதைத் திறக்க முதலாளி விடமாட்டார். எஸ்தர் முத்திரையைக் கிழித்தாள்.

புதுக் கையுறை. பிப்பெட்டுக்குப் புது நுனிகள். வேறு மேஜை. தான் கிருமி கலந்த மோரைத் தொடாமல், ஆய்வாளர் கொண்டுவந்த மோரில் மிச்சமிருந்ததை எடுத்தாள். பொய்யாக 'இருக்கிறது' என்று வந்துவிடக்கூடாது என்று, வெறும் தண்ணீரையும் ஒரு டியூப்பில் வைத்தாள். மணிகளைக் கலந்தாள். காந்தத்தில் சாய்த்தாள். வெள்ளைக்குள் ஒரு பழுப்புப் புள்ளி திரண்டு சுவரில் ஒட்டியது, சுவரோரமாக ஒண்டி நிற்கும் ஆள்போல. மோரை உறிஞ்சி வெளியே கொட்டினாள்.

கரண்ட் போனது.

ஏ.சி. ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. உறைபெட்டிகள் நின்றன. விசிறி சுற்றிச் சுற்றித் தயங்கி நின்றது. பேட்டரியில் ஓடும் மெஷின்களும் மேஜைவிளக்கும் மட்டும் மிச்சம். வெளியே மழை பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் மணலை வாரி இறைத்ததுபோல அடித்தது.

அதற்கு அடியில் அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்தது. ஆத்திரத்தோடு குடிக்கிற சத்தம். டம்ளரை வாயிலிருந்து எடுக்காமல், மூச்சுவிடவும் மறந்து. பெரியவர்கள் அப்படிக் குடிக்கமாட்டார்கள்.

பவதாரிணி கடைசிவரை தாகம் என்றுதான் சொன்னாளாம். ஆய்வாளர் மோரைக் கொண்டுவந்த அன்று, மாதிரிப் பெட்டியைத் திறந்துகொண்டே சாதாரணமாகச் சொன்ன தகவல். எஸ்தர் அதை நினைக்கக்கூடாது என்று நினைத்தாள்.

சுத்தமான திரவத்தை விட்டு, குலுக்கி, காந்தத்தில் சாய்த்தாள். கலங்கல் வெளுத்தது. கொட்டினாள். மண்டபத்து ஒலிபெருக்கியும் அடங்கிப்போயிருந்தது. மறுபடி திரவம். மறுபடி காந்தம். கொட்டினாள். ரோட்டில் பஸ் சத்தம் இல்லை; மழைக்கு ஒதுங்கியிருப்பார்கள். மறுபடி. மழையும் ஓய்ந்துகொண்டு வந்தது, யாரோ குழாயை மெல்லத் திருகி மூடுவதுபோல.

டியூப் இப்போது கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. சுவரில் பழுப்புப் புள்ளி மட்டும்.

கூட்டம் போய்விட்டது. இருந்தது மட்டும் இருந்தது.

மடக். மடக். மடக்.

அவள் வலதுபக்கம். கதவுக்கு அந்தப்பக்கம். இன்குபேட்டர் அறை.

கை நிற்கவில்லை. நிறுத்தினால் ஆல்பின். கொதிக்கவைத்தாள். மருந்து கலந்தாள். மெஷினுக்குள் வைத்தாள். மூடியை அழுத்தினாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, அந்தக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஜெபம் சொல்ல வாய் திறந்தாள். தன் குரல் மற்றச் சத்தத்தை மறைத்துவிடும் என்று தோன்றியது. மறைந்துவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும். வாயை மூடிக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திரை வெளிச்சம் மாறியது.

வெறும் தண்ணீரின் கோடு தட்டை. சரி.

மோரின் கோடு, யாரும் எதுவும் கலக்காத அந்த மோரின் கோடு, தரையிலிருந்து தலையைத் தூக்கியது. எழும்பியது. நிற்காமல் எழும்பியது.

டாக்டர் முதல் மணியிலேயே எடுத்தார். "இருக்கு டாக்டர்" என்றாள் எஸ்தர். "அதேதான். நேத்து நான் சொன்னது தப்பு. தயிர்க் கிருமிக் கூட்டத்துல மறைஞ்சு நின்னிருக்கு. ஆன்டிபயாடிக் போட்டுராதீங்க."

அந்தப்பக்கம் நீளமாக ஒரு மூச்சு. "ஊசிய கையில எடுத்துட்டேன்மா. கீழ வச்சிர்றேன். குளுக்கோஸ் மட்டும் ஏத்தி, கிட்னியப் பாத்துக்கிடுறேன். ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு, தேத்திரலாம். உடம்புக்குள்ள மேற்கொண்டு அது போகாம இருந்தாச் சரி."

எஸ்தருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மேஜையில் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் அழுதாள். பந்தலை உடனே மூடச் சொல்ல வேண்டும், ஆய்வாளருக்குப் போன் போட வேண்டும் என்று கண்ணைத் துடைத்தாள்.

அப்போதும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

எழுந்தாள். போனின் விளக்கைப் பிடித்தாள். கதவைத் தள்ளினாள்.

இன்குபேட்டர், ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீரோ. கிருமிகள் வளர்வதற்காக உள்ளே எப்போதும் இளஞ்சூடு. கரண்ட் இல்லாமல் இப்போது செத்துக் கிடந்தது. சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது. இரும்புக்குள் யாரோ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கைப்பிடியைத் திருகினாள்.

சத்தம் நின்றது.

வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. புளித்த வாசனை. லேப் வாசனை இல்லை இது. அடுப்படி வாசனை.

கீழ்த் தட்டுகள் முழுக்க எவர்சில்வர் தூக்குவாளிகள். வாய்க்கு வெள்ளைத் துணி கட்டியவை. ஒன்றின் துணியை விலக்கினாள். தயிர். கத்தி போட்டால் நிற்கும்போல உறைந்த தயிர்.

மேல் தட்டு கம்பி வலை. அதில் அவளுடைய குடுவை, போன வாரம் அவள் வளர்க்க வைத்த விஷ ஈ.கோலை, சோதனைக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. சாய்ந்து கிடந்தது. வாயில் வைத்த பஞ்சு ஊறித் தொங்கியது. தேத்தண்ணி நிறத்தில் சொட்டிய கறை, கம்பி வழியாக, வாளி வாளியாக, வெள்ளைத் துணிகளில் வட்டம் வட்டமாக.

லேபில் மாதிரி சேகரிக்கும் பாண்டியராஜனுக்குப் போன் போட்டாள். வண்டியூர்க்காரன். பந்தல் அவன் தெருப் பையன்கள் போட்டது. அவன் பின்னால் பாட்டும் சிரிப்பும் கேட்டன.

"பாண்டி, இன்குபேட்டர்ல யாரு தயிர் வச்சது?"

"பாத்துட்டீங்களாக்கா" என்று அசடு வழிந்தான். "முதலாளிட்ட சொல்லிராதீங்க. வீட்டுல ஒறை ஊத்துனா விடியுற வரைக்கும் காத்துக் கெடக்கணும். அம்புட்டுப் பாலுக்கு எடமும் இல்ல. இதுல வச்சா மத்தியானத்துக்குள்ள கல்லு மாதிரி நிக்குது. பந்தல் போட்ட நாள்ல இருந்து இங்கதான், நீங்க அந்தப் பக்கம் வராத நேரமாப் பாத்து வச்சு எடுத்துருவேன். நாம லேப்காரங்கக்கா, நம்மளவிட சுத்தமா யாரு ஒறை ஊத்துவா?"

கொட்டச் சொன்னாள். அத்தனையையும் இப்பவே சாக்கடையில் கொட்டு, யாரையும் குடிக்கவிடாதே என்றாள். என்ன இருக்கிறது என்பதையும் சொன்னாள். பாண்டியராஜனின் பின்னால் இருந்த பாட்டு தூரமாகப் போனது. அவன் கூட்டத்தைவிட்டு விலகி நடந்திருக்க வேண்டும்.

"இங்க ஒண்ணும் இல்லக்கா" என்றான். குரலே மாறியிருந்தது. "இன்னைக்குப் பந்தல்ல மோரே ஊத்தல. மழை மூட்டம்னு பானகம் மட்டுந்தான். காலையில கடைஞ்ச மோரு மொத்தத்தையும்..."

"மொத்தத்தையும்?"

அவன் நடக்கிற சத்தம் வேகமானது.

"பாண்டி. எங்க போச்சு?"

"சாரைக் கேளுங்கக்கா" என்றான், அழுகிறவன்போல. "நான் நல்லதுக்குத்தான் பண்ணேன்."

இன்னாசிமுத்துவின் எண்ணை அழுத்தினாள். அவர் எடுத்தார். குரல் தெளிந்திருந்தது. டாக்டரம்மா சொன்னாங்க, கர்த்தர் காப்பாத்திட்டார் என்றார். காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றாள். அந்தப்பக்கம் வார்டு. மின்விசிறியின் கிறீச். ஏதோ குழந்தையின் சிணுங்கல். தள்ளுவண்டியின் சக்கரம். யாரோ ஒரு அம்மாவின் தாலாட்டு.

விசிறி நின்றது. சிணுங்கல் நின்றது. சக்கரம் நின்றது.

தாலாட்டு நின்றது.

மடக். மடக். மடக்.

ஒரு தொண்டை இல்லை. நிறையத் தொண்டைகள். சின்னச் சின்னத் தொண்டைகள். வரிசையாக. போனுக்குள்ளும், திறந்துகிடந்த இன்குபேட்டருக்குள்ளும், ஒரே நேரத்தில்.

"என்னங்க" என்றாள் எஸ்தர். "அங்க என்ன சத்தம்?"

"புள்ளைங்கதான்" என்றார் இன்னாசிமுத்து சந்தோஷமாக. "உன்கிட்ட சொல்லல பாத்தியா. தாகத்துக்குத் துடிச்சிச்சுங்க. வயித்துப்போக்குக்கு மோரைவிட மருந்து ஏது? பாண்டியராஜன் காலையில ரெண்டு கேன் கொண்டாந்து குடுத்துட்டுப் போனான். டாக்டரம்மாவுக்குத் தெரியாம கட்டில் கட்டிலா நான்தான் ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்கேன். வார்டுல ஒரு புள்ள பாக்கியில்ல."